தள்ளாடாத கால்கள்

கல்யாண மண்டபத்தின் பின்வாசலில் நிற்கும்போதோ, ஆபீஸ் பார்ட்டி முடிந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும்போதோ, யாரையாவது பற்றி இப்படிச் சொல்லக் கேட்டிருப்போம்: “எவ்வளவு போட்டாலும் ஆள் ஸ்டெடி. பக்கத்துல உட்கார்ந்து பேசினாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.” சொல்பவர் குரலில் பெருமை இருக்கும். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். தள்ளாடி விழுகிறவர்தான் குடிகாரர், நிமிர்ந்து நடப்பவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம் ஊரில் ஒரு கணக்கு இருக்கிறது.

மருத்துவம் இதை நேர்மாறாகப் படிக்கிறது. நாலைந்து பெக் உள்ளே போன பிறகும் ஒருவருக்கு நாக்கு குழறவில்லை, கால் பின்னவில்லை என்றால், அவருடைய மூளை மதுவோடு குடித்தனம் நடத்தப் பழகிவிட்டது என்று அர்த்தம். அது ஒரு வாரத்தில் வரும் பழக்கம் கிடையாது. முதலில் கவனிக்க வேண்டியவரே இந்த ‘ஸ்டெடி’ ஆசாமிதான். அவரைத்தான் நாம் கடைசியில் கவனிக்கிறோம்.

மூளையில் நரம்புகளின் வேகத்தைத் தணிக்கும் ரசாயனம் காபா. வேகத்தைக் கூட்டுவது குளுட்டமேட். மது முதலாவதற்குக் கை கொடுக்கிறது, இரண்டாவதை அமுக்குகிறது. முதல் பெக்கில் கூச்சம் விலகுவதும் மூன்றாவதில் நாக்கு தடிப்பதும் இதனால்தான். தினமும் இப்படி அமுக்கப்படும் மூளை சும்மா இருப்பதில்லை. காபாவுக்குச் செவிகொடுக்கும் ஏற்பிகளை மந்தமாக்கிக்கொள்கிறது, குளுட்டமேட்டின் ஏற்பிகளைப் பெருக்கிக்கொள்கிறது. யாரோ எப்போதும் பிரேக்கை அழுத்திக்கொண்டிருப்பதால், ஆக்ஸிலரேட்டரை நிரந்தரமாக மிதித்தே ஓடக் கற்றுக்கொண்ட வண்டியைப் போல. இந்த நிலைக்கு வந்தவர் குடித்திருக்கும்போதுதான் சாதாரணமாகத் தெரிவார். குடிக்காத நேரத்தில்தான் அவருடைய உடம்பு அவரைக் காட்டிக்கொடுக்கும்.

மந்தைவெளியில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். வீட்டுக்காரருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். நல்ல வேலை, கடன் கிடையாது, குரலை உயர்த்தி யாரையும் பேசியதில்லை. காலையில் டபரா டம்ளரில் காபி குடிப்பவர், சில மாதங்களாகக் கைப்பிடி வைத்த பீங்கான் கப்பில்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அதிலும், “பாதி ஊத்து போதும், அப்புறம் பாதி குடு” என்பார். சூடு தாங்கவில்லை போல என்று மனைவி நினைத்தார். ஊரிலிருந்து வந்திருந்த தங்கை ஒரு நர்ஸ். அண்ணன் அந்தப் பாதிக் கப்பையும் இரண்டு கையால் பிடித்து, கையை உயர்த்தாமல் தலையைக் குனிந்து குடிப்பதை இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் தனியாக இருக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அண்ணா, பத்து மணிக்கு மேல கை சரியாயிடுதா?” அவர் பதில் சொல்லவில்லை. கண் கலங்கிவிட்டது. கார் டிக்கியில் ஒரு தண்ணீர் பாட்டிலில் வோட்கா இருந்தது பிறகுதான் வீட்டுக்குத் தெரிந்தது.

அந்தக் கேள்வியில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. கை நடுக்கத்துக்கு ஆயிரம் காரணம் உண்டு. தைராய்டு அதிகமானால் நடுங்கும். ஆஸ்துமா மாத்திரை, இன்ஹேலர் எடுத்தால் நடுங்கும். வயதானால் நடுங்கும், சில குடும்பங்களில் பரம்பரையாகவே நடுங்கும். ஆனால் காலையில் தொடங்கி, ஒரு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தானாக மறையும் நடுக்கம் வேறு ரகம். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரம் கழிந்ததும் ரத்தத்தில் மது வற்றி, அமுக்கி வைக்கப்பட்ட குளுட்டமேட் தலையெடுக்கிறது. கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும், வயிற்றைப் புரட்டும், பல் துலக்கும்போது ஓங்கரிக்கும். அடுத்த வாய் உள்ளே போனதும் எல்லாம் அடங்கிவிடும். வட கரோலினா பல்கலைக்கழக மனநல மருத்துவர் ஜான் யூவிங் 1984இல் வெளியிட்ட நான்கு கேள்விகளை இன்றும் உலகெங்கும் மருத்துவர்கள் கேட்கிறார்கள். குறைக்கணும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா, யாராவது குறை சொன்னால் எரிச்சல் வருகிறதா, குடித்ததை நினைத்துக் குற்ற உணர்வு வந்திருக்கிறதா, காலையில் எழுந்ததும் நிதானத்துக்கு வரக் குடித்ததுண்டா. இரண்டுக்கு ஆமாம் என்றால் கவனிக்க வேண்டும். நான்காவது கேள்விக்கு ஆமாம் என்றால், என் பார்வையில், அந்த ஒன்றே போதும்.

எத்தனை பாட்டில், வாரத்துக்கு எத்தனை நாள் என்ற விசாரணை இந்த நான்கில் எதிலும் கிடையாது என்பதைக் கவனியுங்கள். குடிக்கும் அளவைப் பற்றி யாரும் உண்மை சொல்வதில்லை, தன்னிடம்கூட. தனக்கும் குடிக்கும் இடையில் என்ன நடக்கிறது என்று கேட்டால் பலர் சொல்லிவிடுகிறார்கள்.

“எனக்கென்ன, வருஷா வருஷம் மாலை போட்டு 48 நாள் தொடாம இருக்கேனே!” என்பது நம் ஊரில் அடிக்கடி கேட்கும் வாதம். கார்த்திகை முதல் தேதி நிறுத்தி, மலைக்குப் போய்விட்டு வந்த அன்றே பாட்டிலைத் திறப்பவரை எல்லோரும் பார்த்திருக்கிறோம். நாள் எண்ணிக் காத்திருப்பதும் ஒரு அறிகுறிதான். ஆனால் அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. தினமும் அதிகம் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் குழம்பும். இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும், நேரம் காலம் மறக்கும், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். மாலை போட்ட மூன்றாம் நாள் இப்படி உளறத் தொடங்கியவரைச் சாமி வந்துவிட்டது என்றோ விரதத்தில் குறை என்றோ வீட்டில் வைத்துப் பூஜை செய்தால் உயிருக்கே ஆபத்து. 2020 மார்ச்சில் ஊரடங்கோடு டாஸ்மாக் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோதும் எத்தனையோ பேருக்கு இதுதான் நடந்தது. மருத்துவமனையில் நரம்பை அமைதிப்படுத்தும் மாத்திரை கொடுத்து, அதன் அளவைப் படிப்படியாகக் குறைத்தும், வைட்டமின் பி1 ஊசி போட்டும் இந்த நான்கைந்து நாளைப் பத்திரமாகக் கடக்க வைக்கிறார்கள். குடியை நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்கும் மனைவியும் அம்மாவும் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நிறுத்துவது நல்லதுதான். மருத்துவரைக் கேட்டுவிட்டு நிறுத்தட்டும்.

வாசனைக்கு வருவோம். பாக்கு, ஏலக்காய், புதினா மிட்டாய், மவுத்வாஷ் எல்லாம் வாயைத்தான் கழுவும். வாசனை வருவது நுரையீரலிலிருந்து. குடித்த மதுவில் பெரும்பகுதியைக் கல்லீரல் உடைக்கிறது. ஒரு சிறு பங்கு உடையாமல் மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் வெளியேறுகிறது. மூச்சுக்காற்றை ஊதச் சொல்லிப் போலீஸ் அளப்பது அந்தப் பங்கைத்தான். கல்லீரலின் வேகமோ மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம். காபி, எலுமிச்சைச் சாறு, பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அதை விரட்ட முடியாது. ஒரு குவார்ட்டர் பாட்டில் 180 மில்லி. அதில் 42.8 சதவீதம் மது. எடையாகப் பார்த்தால் சுமார் 60 கிராம். இரவு பதினொன்றுக்கு அதை முடித்துவிட்டுப் படுப்பவர் காலை ஆறு மணிக்கு எழுந்து வண்டியை எடுக்கும்போது ரத்தத்தில் இன்னும் மிச்சம் இருக்கலாம். சட்டத்தின் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். சில உடம்புகளில் அந்த நேரத்திலும் அளவு அதற்கு மேலேயே நிற்கலாம். “அது நேத்து ராத்திரி சார்” என்று அவர் மனதாரச் சொல்வார், பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இருக்காது. விடிகாலையில் ஸ்கூல் வேன் ஓட்டுபவரை நினைத்தால் எனக்குப் பதறுகிறது.

இன்னோர் அறிகுறி பல வீடுகளில் பீரோவுக்குள்ளேயே இருக்கிறது. ஐம்பது வயதைத் தொட்டதும் எல்லோரும் ‘மாஸ்டர் செக்கப்’ செய்துகொள்கிறார்கள். சர்க்கரையையும் கொலஸ்ட்ராலையும் மட்டும் பார்த்துவிட்டு ஃபைலை மூடிவிடுகிறார்கள். அதே தாளில் கல்லீரலின் நிலையைச் சொல்லும் ஜிஜிடி என்று ஒரு வரி இருக்கும், ஏஎஸ்டி, ஏஎல்டி என்று இரண்டு வரிகள் இருக்கும். ஏஎஸ்டி மற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்து, ஜிஜிடியும் ஏறியிருந்து, சிவப்பணுவின் பருமனைச் சொல்லும் எம்சிவி நூறைத் தாண்டியிருந்தால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி குடியைப் பற்றித்தான் இருக்கும். கொழுப்புக் கல்லீரலும் சர்க்கரை நோயும்கூட ஜிஜிடியை ஏற்றும் என்பதால் இந்த எண்களை வைத்து வீட்டில் யாரும் தீர்ப்பு எழுதக் கூடாது. மருத்துவரிடம் எடுத்துக்கொண்டு போக அது ஒரு நல்ல சாக்கு.

தீர்ப்பு எழுதுவதன் ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பாண்டி பஜாரில் ஒருவர் வியர்த்துக் கொட்டி, நாக்குக் குழறி, கடைப் படியில் சரிந்து உட்காருகிறார். “பட்டப்பகல்லயே ஊத்திக்கிட்டான்” என்று சுற்றி நிற்பவர்கள் நகர்ந்துவிடுகிறார்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனவருக்கு ரத்தச் சர்க்கரை விழுந்தால் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும். பக்கவாதத்தின் முதல் நிமிடங்களும் இப்படித்தான். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறினால் மூச்சில் பழம் அழுகினாற்போல ஒரு வாடை வரும், அதையும் சாராய வாடை என்பார்கள். உண்மையிலேயே குடித்திருப்பவர் விழுந்து தலையில் அடிபட்டு, மண்டைக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது, “போதை தெளியட்டும்” என்று விட்டுவிடுவதும் நடக்கிறது. எழுப்பினால் எழாத மனிதரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், அவர் குடித்திருந்தாலும் சரி, குடிக்காவிட்டாலும் சரி.

கண் சிவந்திருந்தால் கஞ்சா என்று ஒரு பேச்சு. கஞ்சா கண்ணின் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, கண்ணுக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது, அதனால் சிவக்கிறது என்பது உண்மை. மெட்ராஸ் ஐ வந்தாலும் சிவக்கும். இரவெல்லாம் செல்போன் பார்த்தாலும், பெசன்ட் நகர் கடற்காற்றில் மணல் விழுந்தாலும் சிவக்கும். பிள்ளைகள் இரவு ஒரு மணிவரை விழித்திருந்து காலை பத்துக்கு எழுவதை வைத்துப் பெற்றோர் சந்தேகப்படுகிறார்கள். பருவ வயதில் மூளையின் தூக்கக் கடிகாரமே இரண்டு மணி நேரம்வரை பின்னுக்குத் தள்ளிப்போகிறது என்பது உடலியல். ஆன்லைனில் சிறுநீர்ப் பரிசோதனை கிட் வாங்கிப் பிள்ளையைச் சோதிக்கும் பெற்றோரும் இருக்கிறார்கள். குருமாவில் அரைத்துவிடும் கசகசா தாராளமாக உள்ளே போயிருந்தால் அந்த கிட் மார்ஃபின் என்று காட்டக்கூடும். கஞ்சாவின் எச்சமோ உடம்பின் கொழுப்பில் தங்கி, தொடர்ந்து பயன்படுத்தியவருக்கு நிறுத்திப் பல வாரம் கழித்தும் பாசிட்டிவ் என்று வரும். நிறுத்தியவனை நிறுத்தவில்லை என்று அடித்தால், அடுத்த முறை நிறுத்த அவனுக்கு என்ன காரணம் இருக்கும்?

அப்படியானால் எதைத்தான் பார்ப்பது? ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல், அவரையே அவருடைய ஆறு மாதத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட வேண்டும். எப்போதும் அலங்கோலமாக இருக்கும் பையனின் அறை அலங்கோலமாக இருப்பதில் சேதி இல்லை. மாலையானால் கிரிக்கெட் மட்டையோடு ஓடியவன் மட்டையைத் தொட்டே மூன்று மாதம் ஆகிவிட்டது, பழைய சிநேகிதர்கள் யாரும் வீட்டுக்கு வருவதில்லை, புதியவர்கள் வாசலோடு நின்று போகிறார்கள், போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போகிறான், முந்நூறு நானூறு என்று ஜிபேயில் போய்க்கொண்டே இருக்கிறது, அம்மாவின் பர்ஸில் கணக்கு இடிக்கிறது. இவற்றில் ஒன்று இருந்தால் அது வயதின் குணம். நாலைந்து ஒன்றாகச் சேர்ந்து, வாரக்கணக்கில் நீடித்தால் கேட்டே ஆக வேண்டும். அப்போதும் விடை போதையாக இல்லாமல் மனச்சோர்வாக இருக்கலாம், பள்ளியில் யாரோ கொடுக்கும் தொல்லையாக இருக்கலாம். எதுவானாலும் உதவி தேவைப்படும் பிள்ளை அது.

வலி மாத்திரை விவகாரத்தில் மட்டும் கண்மணி உண்மையிலேயே நல்ல சாட்சி. டேபென்டடால் என்ற மாத்திரை கடுமையான வலிக்கு மருத்துவர் எழுதிக்கொடுப்பது. அதைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றியும், அட்டை அட்டையாகப் பிடிபடுவதைப் பற்றியும் சென்னைப் பத்திரிகைகளில் சில வருடங்களாகச் செய்தி வந்துகொண்டே இருக்கிறது. விழுங்குவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரையில் இருக்கும் மாவும் கரையாத பொடிகளும் ரத்தக் குழாயை அடைத்துப் புண்ணாக்கும். இது போன்ற ஓபியம் வகை மருந்துகள் கண்மணியைச் சுருக்கும் நரம்பு மையத்தைத் தூண்டுகின்றன. விளக்கை அணைத்த மங்கலான அறையில் எல்லோருடைய கண்மணியும் விரிந்திருக்கும்போது, இவருடையது மட்டும் குண்டூசித் தலை அளவில் நிற்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே தலை தொங்கும், மறுபடி நிமிரும். மருந்து கிடைக்காத நாளில் எல்லாம் தலைகீழ். கண்மணி விரியும், மூக்கு ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும், மயிர்க்கால் சிலிர்க்கும், வயிறு போகும். ‘அடிக்கடி ஜலதோஷம்’ என்று அம்மா ஆவி பிடிக்கச் சொல்லிக்கொண்டிருப்பார். அக்னி நட்சத்திரத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாதது இன்னொரு குறி. இவரே ஒருநாள் எழுப்பினால் எழாமல், மூச்சு நிமிடத்துக்கு ஏழெட்டாகக் குறைந்து, உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் மருந்தின் பெயரை மறைக்கவே கூடாது. நலோக்சோன் என்ற மாற்று மருந்து இருக்கிறது, எதற்கு மாற்று என்று மருத்துவருக்குத் தெரிந்தால்தான் உடனே போட முடியும்.

சின்னப் பிள்ளைகளிடம் வேறொன்று. டியூப் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஒயிட்னர், தின்னர். எய்ம்ஸ் மருத்துவமனை நாடு முழுக்க நடத்தி 2019இல் வெளியான கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் காணப்பட்ட ஒரே போதை இந்த முகர்வதுதான். வாயையும் மூக்கையும் சுற்றித் தடிப்பு, சட்டைக் காலரில் பெயின்ட் வாடை, பையில் கசங்கிய கைக்குட்டை. இதயத் துடிப்பை ஒரே முறையில் குலைத்துவிடக்கூடிய பொருள் என்பதால் ‘சின்ன விஷயம்’ என்று விடக் கூடாது.

அதே கணக்கெடுப்பில் என்னைத் தூங்கவிடாத எண் ஒன்று உண்டு. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சையோ உதவியோ பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180இல் ஒருவர். மற்றவர்களின் வீட்டில் யாருக்கும் கண் இல்லையா? எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். ‘வேலை டென்ஷன்’, ‘சகவாசம் சரியில்லை’, ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சமாதானம் தயாராக இருந்திருக்கும். வசதியும் பெயரும் உள்ள வீடுகளில் சமாதானங்கள் இன்னும் அதிகம். கூவம் கரைக் குடிசையில் நடந்தால் அக்கம்பக்கத்துக்கே தெரியும், போட் கிளப் பங்களாவில் நடந்தால் டிரைவருக்கு மட்டும்தான் தெரியும்.

பங்களாவிலும் இது நடக்கும் என்பதை இந்த நகரத்துக்கு வெளிப்படையாகச் சொன்னவர் சாந்தி ரங்கநாதன். ஆழ்வார்ப்பேட்டை வழியாகப் போகும் டிடிகே சாலை, மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பெயரில் உள்ளது. அவருடைய பேரன் டி.டி. ரங்கநாதன் 1979இல் குடிநோயால் இறந்தார். இளம் வயது, நாடறிந்த தொழில் குடும்பம், எந்த மருத்துவரையும் அழைத்துவரக்கூடிய வசதி. அவருடைய மனைவி சாந்தி அடுத்த ஆண்டே, 1980இல், கணவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை என்று இன்று எல்லோரும் அறிந்த இடம் அதிலிருந்து வளர்ந்தது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 1999இல் ஐ.நா.வின் வியன்னா சிவில் சமூக விருது கிடைத்தது.

விருதுகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, ‘நல்ல குடும்பத்தில்’ நடந்த சாவைக் குடும்பப் பெயரோடு சேர்த்துக் கட்டடத்தின் வாசலில் எழுதிய துணிச்சல். மாரடைப்பு என்று பத்திரிகையில் போட்டுவிட்டு எல்லோரும் மறந்திருக்க முடியும். இது ஒரு நோய், நோயாளியோடு வீட்டாருக்கும் சிகிச்சை வேண்டும் என்பது அங்கே தொடக்கம் முதலே கடைப்பிடிக்கப்படும் கொள்கை. குடிப்பவருக்காகப் பொய் சொல்லி ஆபீஸுக்கு லீவ் சொல்வது, கடனை அடைப்பது, பாட்டிலை ஒளித்து வைப்பது, அழுவது, ஒரு வாரம் பேசாமல் இருப்பது என்று சுழலும் மனைவியின் உடம்பும் மனமும் அந்த நோயின் பகுதியாகிவிட்டன. அவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசுவது சிகிச்சையின் பாதி.

மயிலாப்பூர்ப் பக்கம் யாரும் சந்தேகப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது. எழுபது வயதைக் கடந்த பெரியவர்கள். பிள்ளைகள் அமெரிக்காவில், இரவில் தூக்கம் வருவதில்லை. எப்போதோ ஒரு மருத்துவர் பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் பத்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கும். மது எந்த காபாவுக்குக் கை கொடுக்கிறதோ அதே காபாவுக்குத்தான் இந்தத் தூக்க மாத்திரையும் கை கொடுக்கிறது. அதனால் அறிகுறிகளும் சொந்தக்காரர்கள். பாதி மாத்திரை ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். அட்டையில் கடைசி இரண்டு மாத்திரை மிஞ்சும்போது படபடப்பு வந்துவிடும். “மழை வர மாதிரி இருக்கு, கடை மூடிடுவான், இப்பவே வாங்கிண்டு வந்துடேன்” என்று வேலைக்காரப் பெண்ணை விரட்டுவார்கள். காலையில் தள்ளாட்டம், பாத்ரூமில் விழுதல், பேரன் பேரைத் தேடும் மறதி. எல்லாவற்றையும் வயதின் மேல் போட்டுவிடுவோம். 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணையின்படி, இந்த மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு விற்றோம், எந்த மருத்துவர் எழுதினார் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். தெருமுனை மருந்துக் கடையில் “மாமிக்கு வழக்கமா வாங்கறதுதான்” என்றால் கிடைத்துவிடுகிறது என்பதும் எல்லோருக்கும் தெரியும். கண்டுபிடித்த அதிர்ச்சியில் மகள் விமானம் ஏறி வந்து எல்லா அட்டையையும் குப்பையில் போட்டால், குடியைச் சட்டென்று நிறுத்தியவருக்கு வரும் அதே வலிப்பு அம்மாவுக்கும் வரலாம். வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், இம்மி இம்மியாகக் குறைத்துத்தான் இதை விட முடியும்.

பார்த்தாயிற்று, இனி பேச வேண்டும். எப்போது பேசுவது? குடித்துவிட்டு வந்த இரவு வேண்டாம். மறுநாள் காலை, தெளிந்திருக்கும் நேரம், மாமனாரும் சித்தப்பாவும் இல்லாத அறை. “நீ குடிகாரன்” என்று தொடங்கினால் அந்த வார்த்தையோடு அவர் சண்டை போடுவார், விஷயம் போய்விடும். “செவ்வாய்க்கிழமை ஸ்கூல்ல குழந்தைய கூப்பிட மறந்துட்டீங்க. அவ ஒன்றரை மணி நேரம் வாட்ச்மேன் பக்கத்துல நின்னுட்டிருந்தா. எனக்குப் பயமா இருக்கு” என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னால் மறுக்க முடியாது. ஒரே பேச்சில் எதுவும் நடக்காது, பத்தாவது முறை நடக்கும்.

இதில் ஆராய்ச்சியும் இருக்கிறது. உறவினரும் நண்பருமாக எல்லோரும் சேர்ந்து ஆளை உட்காரவைத்து நெருக்குவது ஒரு முறை. இன்னொன்று, வீட்டாருக்கே பயிற்சி கொடுப்பது: குடிக்காத நாளில் அவரோடு சந்தோஷமாக இருங்கள், குடித்த நாளின் விளைவுகளை நீங்கள் துடைத்துச் சுத்தம் செய்யாதீர்கள், அவர் மனம் இளகும் நேரத்தில் சிகிச்சைப் பேச்சை எடுங்கள் என்று. 1999இல் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில், சிகிச்சைக்கு வரவே மாட்டேன் என்றவர்களின் குடும்பத்தார் 130 பேரை வைத்து இவற்றை ஒப்பிட்டார்கள். நெருக்கும் முறையில் 30 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். வீட்டார் பயிற்சி பெற்ற முறையில் 64 சதவீதம். நம் ஊரில் பெரியவர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைப்பதுதான் முதல் யோசனையாக வருகிறது. அதில் அவமானம்தான் மிஞ்சும் என்று எனக்குத் தோன்றுவதற்கு இந்த எண்கள் பலம் சேர்க்கின்றன.

பிள்ளை விஷயத்தில் பெற்றோரைத் தடுப்பது போலீஸ் பயம். மருத்துவமனைக்குப் போனால் கேஸ் ஆகிவிடுமோ, பாஸ்போர்ட் போய்விடுமோ என்று வருடக்கணக்கில் மறைக்கிறார்கள். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அங்கீகாரம் பெற்ற இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குப் பெற அது வழி செய்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மது மற்றும் போதையால் வரும் மனநலப் பாதிப்பையும் தன் வரையறைக்குள் சேர்த்து, நோயாளியின் தகவலை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்கிறது.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல உதவிக்கு டெலிமானஸ் 14416, தமிழிலும் பேசலாம். குடிப்பவர்களின் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அல்-அனான் கூட்டங்கள் சென்னையில் நடக்கின்றன, அங்கே கட்டணம் கிடையாது. குடிப்பவர் வர மறுத்தாலும் மனைவியோ அப்பாவோ முதலில் தனியாகப் போய் ஆலோசகரைப் பார்க்கலாம். போகும்போது பழைய செக்கப் ரிப்போர்ட்டையும், வீட்டில் கிடைத்த மாத்திரை அட்டை காலியாக இருந்தாலும் அதையும், எந்தத் தேதியில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதிய ஒரு தாளையும் எடுத்துக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.